மடித்த முனை

அம்மாவின் இடது கால் சாக்ஸ் கழன்று வரவில்லை. வலது கால் சாக்ஸ் இழுத்ததும் வந்துவிட்டது. இது குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் உடம்பைத் துடைத்து உடை மாற்ற மகள் வெந்நீரோடு உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு மயான வண்டி வந்துவிடும். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த மகராசன் போர்வையை இடுப்புக்குக் கீழே விலக்கக்கூட இல்லை.

நனைத்து இழுத்தாள். நாற்றம் அடித்தது. பதினாறு வருடமாகப் பிராணிகள் மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாக்ஸுக்குள் ஒரு கட்டு. அதைப் பிரித்தால், குதிகால் கறுத்து அழுகிக் கிடந்தது.

"டேய், இங்க வாடா!"

வாசலில் போனோடு நின்ற தம்பி வந்து எட்டிப் பார்த்தான். முகம் வெளிறிப் போனது.

"ஒரே வீட்லதானே இருந்தே? சர்க்கரை உடம்புன்னு தெரியாதா? நாத்தம்கூடவா வரல?"

"முயல் கூண்டு நாத்தம்னு நெனச்சேன்க்கா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நெனச்சே! ரெண்டு நாளா காய்ச்சல்னு படுத்திருந்தாங்களே, அப்ப என்ன நெனச்சே? மாத்திரையைக் கையில திணிச்சிட்டு வேலைக்குப் போயிட்டே. நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?"

அவன் வெடித்தான். "நீ மாசாமாசம் வந்தியே! வந்ததும் வராததுமா முயலைத் தூக்கி மடியில போட்டு அது காலைத்தானே பாத்தே? அம்மா காலை என்னைக்குப் பாத்தே?"

பொய்யாக இருந்திருந்தால் அறைந்திருப்பாள்.

கூண்டின் கம்பித் தரையில் கிடந்து, அம்மா வளர்த்த முயலின் பின்னங்கால்களில் முடி உதிர்ந்து புண்ணானதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். நகம் வெட்டி, புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டி, கம்பிமேல் மெத்தென்று விரிப்பு போட்டு, அம்மாவுக்குப் பாடமே எடுத்தாள். "முயல் வலியைக் காட்டிக்காதும்மா. சாப்பாடு குறைஞ்சா, ஒரே எடத்துல உக்காந்திருந்தா, நாமதான் தூக்கிப் பாக்கணும்."

"அதுக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்று அம்மா நாற்காலியை விட்டு எழாமலே சிரித்தாள். போன மாதம் பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைத்ததும் அதே நாற்காலியில்தான்.

கூண்டில் முயல் காலை நீட்டிச் சொகுசாகப் படுத்திருந்தது. பாதங்களில் புது முடி வளர்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

பிரித்த கட்டைக் கையில் எடுத்தாள். அதில் முயலுக்கென்று அவள் வாங்கிக் கொடுத்த களிம்பு. பஞ்சு, அதன்மேல் துணி, மேலே பிளாஸ்திரி. பிளாஸ்திரியின் முனை ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. பிரிக்கும்போது முயலின் முடியைப் பிடித்து இழுக்காமலிருக்க அவள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த மடிப்பு அது.

வெளியே ஹாரன் கேட்டது. அவள் புண்ணைக் கழுவித் துடைத்துவிட்டுப் பையிலிருந்து புதுப் பஞ்சை எடுத்தாள்.

"வண்டி வந்துடுச்சுக்கா. இனிமே எதுக்கு இதெல்லாம்?"

"வாயை மூடிட்டுக் காலைத் தூக்கிப் பிடி."

அவன் பிடித்தான். அவள் சுற்றி முடித்து, பிளாஸ்திரியின் முனையை மடித்துவிட்டாள்.