காணும் பொங்கலன்று கல்வட்டத்தில்

காணும் பொங்கலன்று தாம்பரத்திலிருந்து தெற்கே போகிற வண்டிகளில் பாதி வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கும் மீதி கடற்கரைக்கும் போகும். மாளவிகாவும் அவள் கணவன் பத்ரியும் அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து, காட்டாங்குளத்தூர் தாண்டி ஓர் ஏரிக்கரை மண்பாதையில் ஸ்கூட்டரை இறக்கினார்கள். லீவு கிடைத்தால் மாளவிகாவுக்கு ஏதாவது பழைய இடத்தைப் பார்த்தாக வேண்டும். கேளம்பாக்கம் கம்பெனியில் வாரம் முழுக்கத் திரையைப் பார்த்துக் காய்ந்த கண்ணுக்கு அதுதான் மருந்து என்பாள். பத்ரிக்குக் கல்லிலும் கோட்டையிலும் பெரிய ஈடுபாடு கிடையாது. அவள் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க வருவான்.

அன்று அவள் காட்டக் கூட்டிவந்தது கல்வட்டங்களை. இரும்புக் காலத்து மனிதர்கள் இறந்தவர்களைப் புதைத்து, சுற்றிலும் பெரிய உருண்டைக் கற்களை வட்டமாக நட்டுவைத்த இடம். சினேகிதிகளோடு போன வருஷமே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

முள்காட்டைத் தாண்டியதும் ஜேசிபி சத்தம் கேட்டது. பாதி வட்டங்களைக் காணோம். பிடுங்கிய கற்கள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. தோண்டிய பள்ளத்தில் முதுமக்கள் தாழி ஒன்று நொறுங்கி, ஓடுகள் மண்ணோடு மண்ணாகக் கலந்திருந்தன. அந்தப் பக்கம் மனை பிரித்து மஞ்சள் கல் நட்டிருந்தார்கள்.

மாளவிகா போனை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்தாள்.

"மாளு, வேண்டாம். கிளம்பலாம். ஆபீஸ் திறந்ததும் தாசில்தார்கிட்ட கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்."

"ஆபீஸ் திறக்கறப்ப இங்க ஒரு கல்லு இருக்காது பத்ரி. எல்லாருக்கும் லீவுன்னு தெரிஞ்சுதானே இன்னைக்குத் தோண்டறாங்க."

தகரக் கொட்டகையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் இரும்புக் கம்பி. அவன் பெயர் உதயா என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"இன்னா மேடம், யாராண்ட கேட்டு வீடியோ எடுத்துகினு கீற? போனைக் குடு."

"இது பட்டா நிலமே இல்லை. யார் சொல்லி இடிக்கறீங்க?"

பத்ரி இருவருக்கும் நடுவில் போய் நின்றான். "அண்ணா, அழிச்சிடறோம். விடுங்க, நாங்க போயிடறோம்." அவன் சொல்லி முடிக்கவில்லை. கம்பி அவன் வலது முழங்கையில் இறங்கியது. பச்சைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். பத்ரி மண்டி போட்டான். அடுத்த அடி முதுகில். மற்றவன் மாளவிகாவின் கையை முறுக்கிப் போனைப் பிடுங்கி, கல்லில் அடித்து நொறுக்கி, அவளைப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டான்.

பள்ளத்தில் ஒரு மண்வெட்டி கிடந்தது. மேலே பத்ரி "ஐயோ, அம்மா" என்று அலறினான். மண்வெட்டியோடு அவள் ஏறி வந்தபோது உதயா பத்ரியின் தலைக்கு மேல் கம்பியை ஓங்கியிருந்தான். அவள் வீசினாள். மண்வெட்டியின் பின்பக்கம் அவன் முகத்தில் பட்டது. கம்பி நழுவி விழுந்தது, அவனும் சரிந்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தவனை மறுபடி அடித்தாள். பொத்திய கையின் மேலேயே அடித்தாள். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளித்தது. "வுட்ரு அக்கா, செத்துடுவான்!" என்று மற்றவன் கத்தினான், ஆனால் கிட்டே வரவில்லை. ஜேசிபிக்காரன் சாவியைக்கூட எடுக்காமல் ஏரிப்பக்கம் ஓடினான்.

"மாளு, போதும்!" என்று தரையிலிருந்து பத்ரி கத்திய பிறகுதான் மண்வெட்டியைப் போட்டாள்.

தொங்கும் கையோடு அவனைப் பின்னால் உட்காரவைத்து, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தாள். பலூனும் கரும்புமாகப் போகும் கூட்டத்துக்கு நடுவே ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டி ஆஸ்பத்திரி சேர்ந்தாள்.

சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் ஜெயஸ்ரீ வாக்குமூலம் வாங்க வந்தார். கட்டுப்போட்ட கையோடு பத்ரி முந்திக்கொண்டான். "ஒரே அடிதான் மேடம். என்னைக் காப்பாத்தத்தான் அடிச்சா."

"இல்ல மேடம்," என்றாள் மாளவிகா. "முதல் அடியிலயே விழுந்துட்டான். விழுந்தப்புறமும் அடிச்சேன்."

ஜெயஸ்ரீ எழுதுவதை நிறுத்தினார். "ஏம்மா, புரிஞ்சுதான் பேசறீங்களா? தற்காப்புன்னா உங்க பக்கம் பலமா இருக்கும். இப்படிச் சொன்னா உங்க மேலயும் கேஸ் வரும்."

"புரிஞ்சுதான் சொல்றேன்."

அவர் போனதும் பத்ரி வெடித்தான். "யார் கேட்டா உன்னை? நான் பார்த்தேன், நான் சொல்லப்போறதில்லை. அதோட முடிஞ்சிருக்குமே!"

"அடிக்கறப்ப நல்லா இருந்துது பத்ரி. அவன் கத்தக் கத்த இன்னும் நல்லா இருந்துது. அதை மறைச்சு உன்னோட முடிச்சூர் வீட்டுக்குத் திரும்பி வந்து என்னால குடித்தனம் பண்ண முடியாது."

"அப்ப உன் முகத்தைப் பார்த்து நான் பயந்துட்டேன் மாளு," என்றான் பத்ரி. அவள் தலையாட்டினாள்.

சாவியோடு நின்ற ஜேசிபி அதிகாரிகளுக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. வேலை நின்றது. மிஞ்சிய கல்வட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். மனை போட்டவர் கைதாகி, ஜாமீனில் வந்துவிட்டார். பத்ரியின் கை முழுதாக நீளவில்லை. உதயாவுக்கு ஒரு கண் போயிற்று. அவன்மீது ஒரு வழக்கு, அவள்மீது ஒன்று.

முதல் வாய்தாவுக்குச் செங்கல்பட்டு கோர்ட் வராந்தாவில் அவனைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் மனைவி. மாளவிகா நெருங்கியதும் அவன் சட்டென்று பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றான். அவ்வளவு பெரிய ஆள், தன்னையறியாமல் முகத்துக்கு நேரே கையைத் தூக்கினான்.

அவள் திரும்பிவிட்டாள். வராந்தாவின் மறுகோடிக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்ரி வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தான். உள்ளே டவாலி யார் பெயரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.