விருந்தாளி எழுதாத தேர்வு

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கல்லூரி ஆண்டு மலரின் மாணவ ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டு, தேர்வுக்காலப் படிப்பும் உணவும் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றாள். "பாயின்ட் பாயின்ட்டா இருந்தா நல்லது சார். பத்தி பத்தியா இருந்தா பசங்க படிக்க மாட்டாங்க." படிக்காதவர்களுக்காக எழுதுவது நம் தொழிலுக்குப் புதிதா என்ன? சரி என்றேன். ஒரு பேக்கரியில் போய் உட்கார்ந்தேன்.

தேர்வுக்காலத்தில் மாணவர்கள் எளிதில் செரிக்கும் உணவை

தண்ணீர் நிறையக் குடிப்பதால் மூளையானது

தூக்கத்தைத் தியாகம் செய்யும் மாணவன் உண்மையில்

(மூன்றையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். யாருக்காவது கட்டுரை தேவைப்பட்டால் முடித்துக்கொள்ளலாம்.)

நிமிர்ந்தபோது எதிர்மேசையில் ஒரு பையன். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. பக்கத்தில் பேனாக்களும் ஸ்கேலும் தெரியும் கண்ணாடிப்பை. தெருவுக்கு அந்தப் பக்கம் கல்லூரி முழுக்கத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஈ, காக்கை இல்லை. இவன் மட்டும் ஒரு பன்னைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அது தீர்ந்துவிட்டால் வேறு வேலை இல்லாதவன் போல.

போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும், கதை கெட்டிருக்கும். கட்டுரையை மூடிவிட்டு இதைத் தொடங்கினேன்.

2

அவனை எல்லோரும் விருந்தாளி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் பொருளாதாரத் துறைத்தலைவர். எப்போதாவது வகுப்புப் பக்கம் தலைகாட்டினால், "வாங்க விருந்தாளி! உக்காருங்க. காபியா, ஜூஸா?" என்பார். வகுப்பே சிரிக்கும். அவனும் சிரிப்பான். அப்படிச் சிரித்துச் சிரித்தே மூன்றாம் ஆண்டுவரை வந்துவிட்டான்.

அவன் ஏன் வகுப்புக்குப் போகவில்லை? முதல் வரைவில், குடும்ப பாரத்தைச் சுமக்க ஒரு கடையில் வேலை பார்த்தான் என்று எழுதினேன். உடனே நீங்கள் அவனை மன்னித்துவிடுவீர்கள் என்று தோன்றியது, அடித்துவிட்டேன். உண்மை இவ்வளவுதான்: காலை வகுப்புக்குக் கிளம்புவான், போகிற வழியில் பேக்கரி இருக்கும், உள்ளே நண்பர்கள் இருப்பார்கள். யாராவது நமக்கும் சேர்த்து 'பிரசென்ட்' சொல்லிவிடுவார்கள் என்று ஒவ்வொருவனும் மற்றவனை நம்பி உட்கார்ந்திருப்பான்.

தேர்வு நெருங்கியதும் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். வருகைப்பதிவு போதாதவர்கள் இந்த முறை தேர்வு எழுத முடியாது. பட்டியலில் விருந்தாளியும் இருந்தான். துறைத்தலைவரைப் பார்த்துக் கெஞ்சினான். "விதின்னு ஒண்ணு இருக்கேப்பா. நான் என்ன பண்றது?" என்றார் அவர்.

சரி, அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று போன் போட்டான். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"டேய், நானே கூப்பிடலாம்னு இருந்தேன்! எங்க ஆஸ்பத்திரியில லீவு குடுத்துட்டார் டாக்டர். பரீட்சை முடியற வரைக்கும் உன்கூடத்தான் இருக்கப் போறேன். உனக்குச் சமைச்சுப் போட்டு, படிக்க வச்சு... என்னடா, சத்தத்தையே காணோம்? சந்தோஷமா?"

"ரொம்ப சந்தோஷம்மா" என்றான்.

3

அம்மா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அலறிக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, "எந்தப் பல்லு? மேலயா, கீழயா? கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கோங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அந்தக் குரல்தான். அப்பா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் பையனைப் படிக்கவைத்தாள்

(இல்லை. இந்த வாக்கியம் கண்ணீரை நோக்கி ஓடுகிறது. இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். அப்பா உயிரோடுதான் இருக்கிறார். வீட்டில் டிவி பார்க்கிறார்.)

விருந்தாளியோடு வாடகை அறையில் இன்னொருவன் இருந்தான்: கம்பளி. போர்வையைத் தலை மூடப் போர்த்திக்கொண்டு படிப்பவன். உள்ளே படிக்கிறானா தூங்குகிறானா என்பது குறட்டை வரும்வரை தெரியாது. ஆனால் அவனுக்கு வருகைப்பதிவு இருந்தது. தூங்கினாலும் வகுப்பில் போய்த் தூங்கினான். சட்டம் அதைத்தானே கேட்கிறது?

"அம்மாகிட்ட நீ மூச்சு விடக்கூடாதுடா" என்றான் விருந்தாளி.

"நான் ஏன்டா சொல்றேன்? ஆனா இது எத்தனை நாளைக்குத் தாங்கும், மச்சான்?"

"பரீட்சை முடியற வரைக்கும்."

"நீ எழுதாத பரீட்சை."

"ஆமா."

அம்மா வந்து இறங்கினாள். ஊறவைத்த பாதாம், அவித்த முட்டை, கீரை, வெண்டைக்காய். குறிப்பாக வெண்டைக்காய். மூளைக்கு வெண்டைக்காய் நல்லது என்பதை நம் மொழியில் நிரூபித்தவர் யாருமில்லை, மறுத்தவரும் யாருமில்லை. காலையில் பொரியல், மதியம் குழம்பு, சாயங்காலம் வெறும் வறுவல். காபிக்குத் தடை, பால் மட்டும். சாப்பிட்ட பிறகு இருவரும் வரிசையாக நின்று பல் துலக்க வேண்டும். கம்பளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்: சாப்பிடுவதற்குத் தவிர வாயைத் திறக்கவேயில்லை.

(கூர்மையான வாசகர் கேட்பார்: ஹால் டிக்கெட் எங்கே? அம்மாவும் கேட்டாள். "அத காலேஜ்லயே வச்சுக்குவாங்கம்மா" என்றான். அப்படியா என்று கேட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். நீங்கள் அவளைவிடப் புத்திசாலி. ஆனால் அவன் உங்கள் மகன் இல்லை.)

4

இந்த இடத்தில்தான் என் பாத்திரம் என் பிடியிலிருந்து நழுவினான். அவனைச் சோம்பேறியாகவே கடைசிவரை கொண்டுபோக நினைத்திருந்தேன். ஆனால் எதிரே அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்னதான் செய்வான்? படித்தான். மூன்று வருடங்களில் முதல் முறையாக, எழுத முடியாத ஒரு தேர்வுக்காக, நிஜமாகவே படித்தான்.

"தேவை விதின்னா என்னடா?" அம்மா கேட்டாள்.

"விலை குறைஞ்சா ஜனங்க நிறைய வாங்குவாங்க. ஏறினா குறைச்சு வாங்குவாங்க."

"சும்மா உளறாதே. எங்க டாக்டர் போன மாசம் ஃபீஸைக் குறைச்சார். அதுக்காக யாராவது கூட ரெண்டு பல்லைப் புடுங்கிட்டுப் போனாங்களா?"

விருந்தாளி ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு முகம் மலர்ந்தது. "அதுக்குப் பேரு நெகிழ்ச்சியில்லாத தேவைம்மா! மருந்து, உப்பு, பல்லு புடுங்கறது... விலை எப்படிப் போனாலும் தேவை பெருசா மாறாது."

"அட! புத்தகத்துல இப்படியா போட்டிருக்கு? இல்லியே."

"நானா சொல்றேன்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. "மச்சான், அதை இன்னொரு வாட்டி சொல்லு" என்றான் கம்பளி. விருந்தாளி சொன்னான். அடுத்த நாளிலிருந்து கம்பளி போர்வையை மடித்துவைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். எழுதப்போகிறவனுக்கு எழுத முடியாதவன் பாடம் நடத்தினான். அம்மா இருவருக்கும் பால் ஆற்றினாள்.

5

தேர்வுநாள் காலையில் அம்மா வாசல்வரை வந்து வழியனுப்புவாள். இருவரும் சேர்ந்தே கிளம்புவார்கள். கம்பளி நேராகப் போவான். விருந்தாளி திரும்பி பேக்கரிக்குள் நுழைவான். சாயங்காலம் அம்மா, "எப்படிடா எழுதினே?" என்பாள். "பரவால்லம்மா" என்பான்.

முதல் நாளே ஒரு விபரீதம். மூலை மேசையில் சுவரைப் பார்த்தபடி துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டு. தட்டில் கிரீம் பன்.

"நீ ஹால்ல இல்லியா?" என்றார், வாயில் பன்னோடு.

"நீங்கதான் விடல சார்."

"ஆமால்ல." கொஞ்சம் மென்றார். "உக்காரு. வீட்டுல தெரியுமா?"

"தெரியாது சார்." விருந்தாளி பன்னைப் பார்த்தான். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதும், அவர் மனைவி தினமும் அவித்த காய்கறிதான் கட்டிக் கொடுக்கிறாள் என்பதும் கல்லூரிக்கே தெரியும். "உங்க வீட்டுல சார்?"

"தெரியாது" என்றார் துறைத்தலைவர்.

அன்றிலிருந்து ஒப்பந்தம் எதுவும் பேசாமலே ஒரே மேசை. தேர்வு தொடங்கியதும் மேற்பார்வை என்று சொல்லிவிட்டு வருவார். சட்டைப்பையிலிருந்து அன்றைய வினாத்தாளை எடுத்து மேசைமேல் விரிப்பார். பொழுது போக வேண்டுமே என்று ஒருநாள் ஒரு கேள்வியைப் படித்தார். விருந்தாளி பதில் சொன்னான். இன்னொன்றைப் படித்தார். அதற்கும் சொன்னான். பல் புடுங்குகிற உதாரணத்தோடு சொன்னான். அவர் பன்னைக் கீழே வைத்துவிட்டார்.

"இதெல்லாம் எப்ப படிச்சே?"

"அம்மா வந்தப்புறம் சார்."

"உள்ள உக்காந்திருக்கிறவன்ல பாதிப்பேருக்கு இது தெரியாதுடா."

"அப்ப உள்ள விடுங்க சார்."

அவர் வினாத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "விதின்னு ஒண்ணு இருக்கேப்பா" என்றார் மறுபடியும். சொல்லிவிட்டு, மருத்துவர் போட்ட விதியை இரண்டாவது முறையாக மீறுவதற்கு இன்னொரு பன் கொண்டுவரச் சொன்னார்.

(ஆண்டு மலர் ஆசிரியை இதுவரை எழுதியதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள். "இதுல டிப்ஸ் எங்க சார்?" பாதாம், முட்டை, கீரை எல்லாம் இருக்கிறதே என்றேன். "சர்க்கரை வியாதி இருக்கிறவங்க பன் சாப்பிடறதை எடுத்துடலாமா? எங்க துறைத்தலைவர் தப்பா எடுத்துப்பார்." எல்லாக் கல்லூரியிலும் எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. எடுக்கவில்லை.)

6

கடைசித் தேர்வன்று பேக்கரிக் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். மகன் பரீட்சை முடித்து வரும்போது கேக் வெட்ட வேண்டும் என்று ஆசை. பல் மருத்துவமனைக்காரி தன் கொள்கையையே ஒருநாள் ஒத்திவைத்து வந்திருந்தாள். கல்லாவில் இருந்தவர், "மேல என்ன எழுதணும்?" என்றார். "வாழ்த்துகள்னு போடுங்க. ஒற்று சரியா இருக்கட்டும்." பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

மூலை மேசையில் விருந்தாளியும் துறைத்தலைவரும்.

"என்னடா இங்க உக்காந்திருக்கே? பரீட்சை?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் துறைத்தலைவர் எழுந்துவிட்டார். எதற்காக என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரக்கமாக இருக்கலாம். பன்னோடு மாட்டிக்கொண்ட பதற்றமாகவும் இருக்கலாம்.

"நீங்க அம்மாவா? நான்தான் இவங்க துறைத்தலைவர். பையன் சீக்கிரமே முடிச்சுட்டான்மா. எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிஞ்சா உக்காந்து என்ன பண்ணுவான்? நல்ல பையன். ஒரு நாள் தவறாம வகுப்புக்கு வருவான்."

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்" என்றாள். பிறகு தயங்கி, "மீசையில கிரீம் ஒட்டியிருக்கு சார். சாப்பிட்டதும் மறக்காம வாய் கொப்புளிச்சுடுங்க" என்றாள்.

மகனோடு தெருவில் இறங்கியதும் முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போன் போட்டாள். "டாக்டர், எல்லாருக்கும் முன்னாடி முடிச்சுட்டானாம்! அவங்க சாரே சொன்னார். ஒரு நாள் தவறாம வருவானாம்!"

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவனால் தாங்க முடியாமல் போயிற்று. அவள் போனை வைத்ததும் சொன்னான்.

"அம்மா, நான் ஒரு பரீட்சையும் எழுதல. வகுப்புக்கே போகலன்னு என்னை எழுத விடல."

7

இங்கே எனக்கு மூன்று வழிகள் இருந்தன.

அம்மா பளாரென்று அறைகிறாள். (வேண்டாம். கையில் கேக் இருக்கிறது.)

கேக் கைநழுவி நடுத்தெருவில் விழுந்து சிதற

"எனக்கு முதல்ல இருந்தே தெரியும்டா" என்று அம்மா புன்னகைக்கிறாள். இதைத்தான் நீங்கள் எதிர்பார்த்தீர்கள். எங்கள் கதைகளில் அம்மாக்களுக்கு எல்லாமே முன்பே தெரியும். அது மகன்களுக்கு எவ்வளவு வசதி! ஆனால் இந்த அம்மாவுக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. அவள் நம்பினாள், அவ்வளவுதான்.

அவள் நிற்கவில்லை. அதே வேகத்தில் நடந்தாள். இரண்டு கடை தாண்டியபிறகு கேட்டாள்.

"அப்ப நான் கேட்டப்ப பதில் சொன்னதெல்லாம்?"

"அது நிஜம்மா. படிச்சேன். சத்தியமா படிச்சேன்."

"போதும்டா" என்றாள். "இதோட நிறுத்திக்கோ."

அத்தனை பொய்யையும் மறுபேச்சில்லாமல் நம்பியவள், அவன் நிஜமாகவே படித்ததை மட்டும் நம்பவில்லை. அவனுக்கு அழுகை வந்தது. வெயிலுக்கு மறைப்பவன்போல் முகத்துக்கு நேரே கையைப் பிடித்துக்கொண்டான்.

8

அறையில் அம்மா கேக் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.  கொஞ்ச நேரத்தில் கம்பளி வந்தான். விரலெல்லாம் மை. "மச்சான், நீ சொன்ன அதே கேள்விடா! அப்படியே எழு..." என்று ஆரம்பித்தவன் அறையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். பிறகு பெட்டியைப் பார்த்தான்.

"கேக்கா ஆன்ட்டி! யாருக்கு?"

அம்மா கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நீ வெட்டுப்பா. நீதானே எழுதிட்டு வந்திருக்கே."

கம்பளி விருந்தாளியைப் பார்த்தான். விருந்தாளி தரையைப் பார்த்தான். 'வாழ்த்துகள்' நடுவில் பிளந்தது. முதல் துண்டை அம்மா எடுத்துக் கம்பளிக்கு ஊட்டினாள். ஊட்டும்போது, "நல்லா இருப்பா" என்றாள். 

(ஆசிரியை மறுபடியும் அழைக்கிறாள். "கடைசில அவங்க மன்னிச்சுட்டாங்கன்னு ஒரு வரி போட்டுடுங்க சார். பக்கம் முடியப்போகுது." நான் போனை எடுக்கவில்லை.)

இப்போது அம்மா கத்தியைத் திரும்ப வாங்கி இரண்டாவது துண்டை வெட்டிவிட்டாள். அது கத்தியின்மேல் நிற்கிறது. யாருக்கென்று அவள் சொல்லவில்லை. கம்பளி இன்னும் மென்றுகொண்டிருக்கிறான். விருந்தாளி செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நிற்கிறான், கூப்பிட்டால் வருவதற்கும் விரட்டினால் போவதற்கும் ஒரே தூரத்தில். நான் பேனாவை மூடுகிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம், கிரீம் வழிகிறது.