கழிவு ஏறக்கூடாத லிப்ட்

அறுவை அறைக் கதவைத் திறந்து நர்ஸ் ஐஸ் பெட்டியை நீட்டினாள். உள்ளே ஒரு குப்பியில், அப்போதுதான் வெட்டியெடுத்த புற்றுக்கட்டியின் துண்டு. இருபது நிமிடத்தில் அது ஏழாவது மாடி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெட்டி தூக்குகிறவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, இடது முழங்காலில் வீக்கம்.

உடம்பிலிருந்து வெட்டியதெல்லாம் கழிவு, கழிவு லிப்டில் ஏறக்கூடாது என்பது அங்கே சட்டம். பின்கட்டைச் சுற்றிப் படியேற வேண்டும். சட்டம் போட்டவர் ஒரு நாளும் அந்தப் படியில் ஏறியதில்லை. அவள் படியேறி முடிப்பதற்குள் இரண்டு முறை துண்டிலிருந்த செல்கள் செத்துவிட்டன. மூன்றாவது முறை என்றால் வேலை கிடையாது என்று அவளை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார்.

போன வாரம் ஆய்வகத்து டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தாள். "உயிரோட வந்தா அதுல என்னதான் பார்க்கிறீங்க?"

"கட்டிக்குள்ள மூலச் செல்னு கொஞ்சம் இருக்கும்மா. மருந்துக்கெல்லாம் டிமிக்கி குடுத்துட்டு மறுபடி முளைக்கும். அதைக் கொல்ல வர்ற நோய் எதிர்ப்புச் செல்லையே மயக்கித் தனக்குக் காவலா நிறுத்திக்கும். எப்படின்னு பார்க்க ரெண்டும் உயிரோட வேணும்."

"கொல்ல வந்தவனே காவல் நிக்கிறானா? நல்ல கூத்து!"

இன்று அவள் பின்கட்டுப் பக்கம் திரும்பவில்லை, நேரே லிப்டுக்குப் போனாள். காவலாளி கையை நீட்டி மறித்தான். அவனும் அதே ஒப்பந்தக்காரரின் ஆள்தான்.

"அக்கா, கழிவு இதுல ஏறக்கூடாது. என் வேலைக்கு உலை வைக்காதீங்க."

"இது கழிவு இல்ல, இன்னும் உயிர் இருக்கு. நீ யாருக்குப்பா காவல் நிக்கிற? நகரு."

செருப்புக் காலைக் கதவிடுக்கில் வைத்தாள். கதவு இரண்டு முறை வந்து இடித்துவிட்டுத் திரும்பியது. அவன் கையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"ரெண்டும் உயிரோட இருக்கு!" ஏழாவது மாடியில் டாக்டரம்மா கத்தியே விட்டார். நுண்ணோக்கியில் அவளையும் பார்க்கச் சொன்னார். கொல்ல வந்த செல், மூலச் செல்லோடு ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெக்கங்கெட்டவன்" என்றாள்.

மறுநாள் காலை குறிப்பாணை வந்தது. கழிவுப் பெட்டியுடன் லிப்டில் ஏறியதற்கு ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது? அவள் அதைப் பிளாஸ்திரி போட்டு ஐஸ் பெட்டியின் மூடிமேல் ஒட்டினாள். அடுத்த துண்டு வந்ததும் லிப்டுக்கு நடந்தாள்.

காவலாளி அந்தத் தாளைக் கடைசி வரி வரை படித்தான். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து அதே மாதிரி ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். அவளை ஏறவிட்டதற்காக வந்தது.

"பிளாஸ்திரி மிச்சம் இருக்காக்கா?" என்று கேட்டான்.