சொல்லாமல் விட்ட வார்டு

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் சலவைப் பிரிவு இருந்தது. ஆறு பெரிய இயந்திரங்களும் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்கக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்து, போன வருடம் மேற்பார்வையாளராக ஆனவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த இயந்திரக்காரரும் அப்படியே கூப்பிட்டார்.

மேல்தளங்களின் அழுக்குத் துணி பெரிய பைகளில் வரும். ஒவ்வொரு பையிலும் வார்டின் எண் எழுதிய அட்டை தொங்கும். இரண்டு மாதமாகத் துணியோடு ஊசிகளும் வரத் தொடங்கியிருந்தன. நோயாளிக்குப் போட்டு முடித்த ஊசி அதற்கென்று இருக்கும் டப்பாவுக்குள் விழ வேண்டும். அது படுக்கையில் கிடந்து, விரிப்போடு சுருண்டு கீழே வந்தது. பதினோராவது ஊசி, துணி பிரிக்கும் பெண்ணின் கையுறையைத் துளைத்துக் கட்டைவிரலில் ஏறியது.

அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் வெடிதான். அன்று அவள் ஒரு வார்த்தை பேசாமல் குழாயடியில் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். நோய் தொற்றாமலிருக்க ஒரு மாதம் மாத்திரை, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை என்று மருத்துவர் சொன்னார். அந்தப் பை ஏழாம் வார்டிலிருந்து வந்தது.

அடுத்த ஊசி யார் கையில் ஏறப்போகிறதோ என்ற பயம் அக்காவைப் பிடித்துக்கொண்டது. மருத்துவமனை நிர்வாகிக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். பதில் இல்லை. கடைசியில், எல்லா வார்டுக்காரர்களும் கூடும் மாதக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டாள். நிர்வாகி தலையாட்டினார். ஆனால் அதற்கு முன் மேற்பார்வையாளர்களுக்கான பேச்சுப் பயிற்சிக்குப் போய் வரச் சொன்னார்.

பயிற்சியாளர் சட்டைக் கழுத்தில் குட்டி மைக் மாட்டியிருந்தார். "நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, இவங்க சொன்னா கேக்கணும்னு எதிர்ல இருக்கறவங்களுக்குத் தோணணும்" என்றார். காலை அகட்டி ஊன்றி நில்லுங்கள். மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதீர்கள். கண்ணைப் பாருங்கள். தவறு எங்கே என்று பூசி மெழுகாமல் சொல்லுங்கள். அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

ஒத்திகை பார்க்க அவளுக்குக் கிடைத்த இடம், ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களின் நடுவேதான்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, அக்கா! எனக்கே கேக்கல" என்று பட்டாசு துணி மேசையிலிருந்து கத்தினாள்.

"கடைசி வரியைக் கேளு. 'பதினோரு ஊசியில் ஏழு, ஏழாம் வார்டிலிருந்து வந்தவை.' சரியா இருக்கா?"

"அதை முதல்லயே சொல்லுங்க. ஏழாம் வார்டுன்னு நாலு பேர் முன்னாடி கிழிகிழின்னு கிழிக்கணும். எனக்குக் குத்தின மாதிரி அவங்களுக்கும் குத்தணும்."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சொல்றேன்னுதானே சொல்றேன்!"

வீட்டில் கணவர்தான் கேட்பவர். பேருந்து நடத்துநர், அவருக்குக் கூட்டம் புதிதல்ல. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முழுவதும் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"இந்த முறைப்பை முறைச்சா, டிக்கெட் எடுத்தவன்கூட இன்னொண்ணு எடுத்துடுவான்."

"கிண்டல் பண்ணாதீங்க. நாளைக்குக் கூட்டம்."

"சரி, சரி. சாமியைக் கும்பிட்டுட்டுப் போ. மீதியை அவர் பார்த்துப்பார்."

அவள் கும்பிட்டாள். நாக்கு குழறக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

கூட்ட அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். தரையில் விரிப்பு, சுவரில் ஒலியை அடக்கும் துணி. பேனா விழுந்தாலும் கேட்கும் அமைதி. பாதிப்பேர் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அக்கா மைக்கின் முன் காலை ஊன்றி நின்றாள். மூச்சை இழுத்தாள். ஆறு இயந்திரங்களை மீறிப் பழகிய குரலில், "எல்லோருக்கும் வணக்கம்!" என்றாள்.

மைக் அலறியது. முன்வரிசையில் ஒரு மருத்துவர் காதைப் பொத்திக்கொண்டார். யாரோ, "அம்மா, நாங்க இந்த அறையிலதான் இருக்கோம்" என்றார்கள். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் பரவியது.

அவளுக்குக் காது சுட்டது. மனப்பாடம் செய்த வரிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஏதாவது ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். சிரிக்காத முகம் ஒன்றுதான் இருந்தது. இரண்டாம் வரிசையில் ஓர் இளம் செவிலி. இரவுப் பணி முடித்து நேராக வந்திருக்க வேண்டும், கண்கள் சிவந்திருந்தன. மடியில் இரண்டு கைகளையும் இறுகக் கோர்த்து, அடி வாங்கக் காத்திருப்பவள்போல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அடையாள அட்டையில் ஏழு என்று போட்டிருந்தது.

இவளுக்குத் தெரியும், என்று அக்காவுக்குப் பட்டது. நாம் சொல்லப்போவது இவளுக்கு முன்பே தெரியும்.

அந்த ஒரு நொடியில் அவள் பெரிதாக எதையும் யோசித்துவிடவில்லை. பட்டாசுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அது உறுத்தவும் செய்தது. ஆனாலும் கட்டிப்போட்டவள்போல் உட்கார்ந்திருப்பவளை அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. கூட்டத்தில் ஒருவரின் தலை குனியாமல் பார்த்துக்கொள்வது சின்னக் காரியம்தான். இறைவன் அதையும் எங்கோ குறித்துவைக்காமல் இருக்க மாட்டான்.

மைக்கை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"மன்னிச்சுக்கோங்க. கீழ எங்க மெஷின் சத்தத்துக்கு இப்படித்தான் பேசிப் பழக்கம்" என்றாள் தணிந்த குரலில். இந்த முறை சிரித்தவர்கள் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். "எங்ககிட்ட வேலை பார்க்கிற பொண்ணு ஒருத்தி. இருபத்தாறு வயசு. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு ஊசி அவ விரல்ல ஏறிடுச்சு. யாரும் வேணும்னு போட்டிருக்க மாட்டாங்க. எந்த வார்டுன்னு பையில எழுதியிருந்தது. அதை நான் இங்க சொல்லப்போறதில்ல. ஊசி எப்படித் துணிக்குள்ள போகுதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. கைபேசிகள் ஒவ்வொன்றாக மடியில் கவிழ்ந்தன. பதில் வரட்டும் என்று அக்கா அங்கேயே நின்றாள்.

இரண்டாம் வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"அது எங்க வார்டுதான்" என்றாள் செவிலி. "ராத்திரி முப்பது பேருக்கு நான் ஒருத்திதான். டப்பா கதவுகிட்ட சுவர்ல மாட்டியிருக்கு. கடைசிக் கட்டில்ல ஊசி போட்டுட்டு அங்க வர்றதுக்குள்ள நாலு பேர் கூப்பிடுவாங்க. ஒரு நிமிஷம் கட்டில்ல வைப்போம். அப்புறம் விரிப்பைச் சுருட்டும்போது அதுவும் சேர்ந்து போயிடும்."

"எங்க வார்டுலயும் டப்பா கதவுகிட்டதான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்களுக்கும்" என்றார் இன்னொருவர்.

நிர்வாகி பேனாவை எடுத்தார். மருந்து வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய டப்பா கட்டிவிடுவது என்று பத்து நிமிடத்தில் முடிவானது. அடுத்த மாதம் துணியில் ஒரே ஓர் ஊசி வந்தது. அதற்கு அடுத்த மாதம் வரவில்லை.

அன்று கூட்டம் முடிந்ததும் செவிலி அக்காவின் பின்னாலேயே படியிறங்கி வந்தாள். மதிய இடைவேளை, இயந்திரங்கள் நின்றிருந்தன. பட்டாசு மேசையருகே எழுந்து நின்றாள்.

"சொன்னீங்களா, அக்கா?"

"இல்ல. சொல்லல. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தல. இவங்களே எழுந்து சொல்லிட்டாங்க."

பட்டாசு அக்காவை ஒரு முறை முறைத்தாள். பிறகு செவிலியை மேலும் கீழும் பார்த்தாள். செவிலியின் உதடு அசைந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இப்போது வெடிக்கப்போகிறது என்று அக்கா பயந்தாள்.

"அந்த மாத்திரையைப் போட்டாலே குமட்டுது. நேத்து ரெண்டு தடவை வாந்தி. நிறுத்திடலாமான்னு பார்க்கிறேன்" என்றாள் பட்டாசு.

"ஐயோ, நிறுத்திடாதீங்க!" செவிலிக்குச் சட்டென்று குரல் திரும்பியது. "எப்போ போடறீங்க?"

"காலையில எழுந்ததும்."

"வெறும் வயித்திலயா?"

"யாரு சொன்னா எனக்கு?"

செவிலி பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மாத்திரைச் சீட்டு கையில இருக்கா? காட்டுங்க" என்றாள். பட்டாசு தன் கைப்பையைத் துழாவிச் சீட்டை எடுத்து நீட்டினாள்.