மூன்றாம் வாங்கும் மலைக்காரியும்

தன் வீட்டு பேஸ்மென்டில் கஞ்சாச் செடி வளர்கிறது என்பதை இரத்தினவேல் ஊருக்குச் சொல்லவில்லை; ஊர் தானாகவே மோப்பம் பிடித்துத் தெரிந்துகொண்டது.

அதில் கள்ளத்தனம் ஏதுமில்லை. மருத்துவர் கையெழுத்திட்டிருந்தார். ஒட்டாவாவிலிருந்து கனடா அரசின் அனுமதி வந்திருந்தது. இத்தனை செடிகளுக்கு மேல் கூடாது என்று வரையறுத்த தாள், செடிகள் நின்ற சலவையறைக் கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தது. அனுமதி பெற்றவள் அவன் மனைவி கமலாம்பிகை. நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்கிற கொடுநோய் அவளுக்கு. பொழுது சாய்ந்தால் போதும், இரண்டு கால்களும் முறுக்கிய கயிறாக இறுகிவிடும். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

அரசாங்கத்தின் அனுமதி இருந்தது. சமூகத்தின் அனுமதிதான் இல்லை. குடித்துவிட்டு மனைவியின் கன்னம் வீங்க அடித்தவன் மறுநாள் கோயிலில் காளாஞ்சி மரியாதை வாங்குவான். அவனைக் குடிகாரன் என்று சொல்ல ஒரு நாக்கும் எழாது. வலியில் துடிக்கிற ஒருத்தி, மருத்துவர் சொன்ன பூவை ஆவியாக்கி இரண்டு மூச்சு இழுத்தால், அவளுக்குக் கஞ்சாக்காரி என்று பட்டம் சூட்ட ஆயிரம் நாக்குகள் எழும்! மானம் என்பது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று இந்தச் சமூகம் ஒருநாளாவது தன்னைக் கேட்டுப் பார்த்ததுண்டா?

இரத்தினவேலும் முதலில் அந்தச் சமூகத்தின் ஆள்தான். ரொறன்ரோவிலிருந்து ஒஷாவா நகருக்கு வான் ஓட்டி வாகன உதிரிப்பாகம் இறக்குகிறவன். கோயில் கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்து, வம்பில்லாமல் வீடு திரும்புகிறவன். சலவையறையில் செடி வளர்க்கும் விளக்குகள் ஏறியபோது வாயை மூடிக்கொண்டான், அவ்வளவுதான். அவன் வாயடைத்து நின்றது பிறகு. அவள் அந்தச் செடிகளை ஒப்புநோக்கிய முறையைக் கண்டபோது.

கமலாம்பிகை கிளிநொச்சியில் ஆசிரியையாக இருந்தவள். கால்கள் அடங்குகிற மருந்து மட்டும் அவளுக்குப் போதவில்லை. தலையும் தெளிவாக இருக்கவேண்டும். அதற்கு அவளிடம் ஒரு துலாக்கோல் இருந்தது. மருந்தை இழுத்துச் சற்று நேரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு, தான் கடைசியாகப் படிப்பித்த வகுப்பைக் கூப்பிடுவாள். வரிசையாய் இருந்த நீள்பலகைகளில் முதலாம் வாங்கின் சுவரோரத்திலிருந்து கடைசி வாங்கின் யன்னலோரம் வரை, பிள்ளைகள் அமர்ந்திருந்த ஒழுங்கில், ஒவ்வொரு பெயராக. கால் எவ்வளவு நேரம் அடங்கியிருக்கிறது, பெயர் எங்கே தவறுகிறது என்பவையே அவளுக்குக் கணக்கு.

மூன்று இனங்களை அவள் வளர்த்தாள். ஒன்று குட்டையான கலப்பினம். அகன்ற இலை, தடித்த பூ, சடுதியில் விளைச்சல். அதற்குக் கட்டையன் என்று பெயரிட்டாள். கால்களை அது பஞ்சாக்கிவிடும். ஆனால் மூன்றாம் வாங்குக்கு வருமுன்னரே வகுப்பறையின் கதவைச் சாத்திவிடும். மற்றது ஐரோப்பாவில் யாரோ பொறுக்கியெடுத்து வளர்த்த சட்டிவா வகை. கூரையைத் தொடும் நெட்டையன். அதை இழுத்தால் பெயர்கள் குதித்தோடி வரும். ஆனால் ஒழுங்கு கலைந்து, முதலாம் வாங்குப் பையன் நான்காம் வாங்கில் போய் உட்காருவான், நெஞ்சும் படபடக்கும்.

மூன்றாவதுதான் மலைக்காரி. கேரளத்து மலைச்சரிவில், எவர் கையும் படாமல், மழைக்கும் வெயிலுக்கும் தானே பழகித் தலைமுறை தலைமுறையாக நின்ற நாட்டினம். நோயாளர் கழகமொன்றில் ஒரு வித்துக்காரரிடம் பெற்றாள். அவரும் தொழிலை விட்டுப் போய்விட்டார். முளைத்தவற்றில் பெண்ணாக நின்றது ஒன்றே ஒன்று. விரல்போல் ஒடுங்கிய இலை. காற்றில்லாமலே அசைவது போன்ற மெலிந்த உடல். பச்சை மாங்காயையும் சந்தனத்தையும் சேர்த்து அரைத்த மணம். பூக்கச் சொன்னால் மற்றவை விளைந்து உலர்ந்து போத்தலில் அடைந்த பிறகும் அவள் ஆறுதலாகவே பூத்துக்கொண்டிருப்பாள். அடுத்த விளைச்சலுக்கு அவளிடமிருந்து ஒரு கிளையை வெட்டி வேர்விட வைத்தே அந்த இனத்தைக் காத்து வந்தாள் கமலாம்பிகை. விளைச்சல் கொஞ்சம். ஆனால் மலைக்காரியின் பூவை இழுத்த மாலைகளில் கால்கள் இரண்டும் அமைதியாகக் கிடக்க, முதல் வாங்கிலிருந்து கடைசி வாங்கு வரை ஒரு பெயர் தவறாமல் வகுப்பு எழுந்து நிற்கும். சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்ட இரத்தினவேலுக்கு, மனைவி ஒரு மருந்தைச் சோதிக்கிறாள் என்று தோன்றவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே தூக்கி நிறுத்துகிறாள் என்று தோன்றியது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. சித்திரை பிறந்தபோது மக்கள் ஒரு கடற்கரைத் துண்டுக்குள் நெருக்கப்பட்டிருந்தார்கள். போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவின் தெருக்களில் பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள். வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று உலகம் சொன்னது. முடிந்தது போர், தேடல் அப்போதுதான் தொடங்கியது. முட்கம்பி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டவர்களின் பெயர்கள் அரைகுறையாக வெளியே கசிந்தன. தகப்பன் பெயரில்லாமல், ஊரில்லாமல், சில வேளை வீட்டுப் பெயர் மட்டுமே. அவற்றைச் சேர்த்து இங்குள்ள உறவுகளைத் தேடிய அருள்மலர் என்ற வழக்கறிஞர் அலுவலகப் பெண், ஒவ்வொரு மாலையும் கமலாம்பிகைக்குத் தொலைபேசி எடுத்தாள். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அறிந்த ஆசிரியையின் தலை அந்த நாட்களில் எந்த அலுவலகத்தையும்விடப் பெறுமதி உடையதாயிற்று. அந்தத் தலை தெளிவாக இருக்க மலைக்காரி வேண்டும். போத்தலில் மிச்சம் கொஞ்சமே. சலவையறையில் பூத்து நின்றவளோ இன்னும் விளையவில்லை.

இந்த வேளையில்தான் இரத்தினவேலின் தம்பி ஊரில் ஷெல் குண்டு விழுந்து இறந்த செய்தி வந்தது. உடலில்லை, சாம்பலில்லை. ஒரு படம் மட்டும் இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை படத்தின்முன் விளக்கு அணையக்கூடாது என்பது வழக்கம். மேல்வீட்டில் ஏற்றியதும் புகைமணி வீடு அதிரக் கத்தியது. எனவே படத்தையும் விளக்கையும் பேஸ்மென்டுக்குக் கொண்டுபோய், சலவையறைக் கதவுக்கு நேரெதிரே, சிவன் படம் இருந்த தட்டில் வைத்தான். எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டான்.

செடி பூக்கும் காலத்தில் நாளில் பாதி நேரம் இடையறாத இருட்டு வேண்டும் என்று கமலாம்பிகை அவனிடம் பலமுறை சொல்லியிருந்தாள். கால் தளர்ந்து படியிறங்க முடியாத அந்த வாரங்களில், தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் இருட்டைக் காக்கும் பொறுப்பும் அவனுடையவை. அவனும் மின்விளக்கை நேரம் தவறாமல் அணைத்தான். கதவை இறுகச் சாத்தினான். கதவின் கீழ்ப்பாதி காற்றோட்டத்துக்கென்று சாய்சட்டங்களால் ஆனது. சட்டங்களின் ஊடாக விளக்கின் ஒளி உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அது அவன் கருத்தில் படவே இல்லை. அந்தச் சுடரை அவன் வெளிச்சம் என்று எண்ணவில்லை. அது அவன் தம்பி.

துக்கம் விசாரிக்க ஒருநாள் கோயில் நிர்வாகத்து இராஜரட்ணம் வந்தார். படத்துக்குப் பூப்போட வேண்டும் என்றார். அழைத்துக்கொண்டு இறங்கினான் இரத்தினவேல். அன்று கமலாம்பிகையும் கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக, இருவருக்கும் பின்னால் இறங்கி வந்தாள். இராஜரட்ணம் பூவைப் போட்டார், கைகூப்பினார், பிறகு மூக்கைச் சுளித்தார்.

"உது என்ன மணம், தங்கச்சி? உதுக்குப் பக்கத்திலயோ சாமிப்படத்தையும் வைச்சிருக்கிறியள்?"

"சிவன் இன்னும் ஒரு முறைப்பாடும் சொல்லேல்லை, அண்ணை," என்றாள் கமலாம்பிகை. "உங்கட கராஜில போத்தல் அடுக்கின தட்டுக்கு மேல முருகன் படம் தொங்குதெண்டு கேள்வி. அவர் ஏதும் சொன்னவரோ?"

இராஜரட்ணத்துக்கு இருமல் வந்தது. அதைக் கேட்க அவள் நிற்கவில்லை. அவள் கண்கள் சாய்சட்டங்களில் நின்றன. செடிகள் உறங்கவேண்டிய நேரம். ஆனால் சட்டங்களுக்கு அப்பால், இலைகளின் மேல், பொன்னிறக் கோடுகள் ஆடிக்கொண்டிருந்தன.

கதவைத் திறந்தாள். மலைக்காரியின் பூங்கொத்தொன்றை விரலால் விலக்கிப் பார்த்தாள். உள்ளே, பெண்பூக்களுக்கு நடுவே, வாழைச்சீப்பின் குட்டியைப்போல மஞ்சள் உறுப்புகள் தலைகாட்டியிருந்தன. மகரந்தம். கணவனைக் கூப்பிட்டு அமைதியாக விளக்கினாள். இருட்டு குலைந்தால் செடி தடுமாறும். தனக்குக் காலம் போதாது என்று அஞ்சும். அஞ்சினால், ஆணுக்குக் காத்திராமல் தானே ஆணுமாகிக் கருத்தரித்துவிடும். இனி அதன் பலமெல்லாம் வித்துக்குப் போகும். மருந்தாகத் தேறுவது சொற்பம்.

இரத்தினவேல் திரும்பிப் பார்த்தான்: படம், படத்தின்முன் சுடர், சுடரிலிருந்து நேர்கோடாகக் கதவு. போய் விளக்கின்மேல் குனிந்தான்.

"இஞ்சருங்கோ, அணைக்காதேங்கோ."

"கமலா, உன்ரை மருந்தை நானே அழிச்சுப்போட்டன்."

"விளக்கு எரியட்டும். தம்பிக்கு உந்தச் சுடரை விட்டால் வேற என்ன செய்யிறது? மேலை போய் அந்தக் கறுத்தப் போர்வையை எடுத்துக்கொண்டு வாங்கோ. கதவுக்கு அடிப்பம்."

தன் உடலின் அமைதி எரிந்து போவதைக் கண்ணெதிரே கண்டுகொண்டே, இன்னொருவனின் துக்கத்துக்கு ஒரு பொட்டு ஒளியை விட்டுக்கொடுக்க எத்தனை பேரால் முடியும்? மேடை போட்டுத் தியாகம் பேசுகிறவர்கள் அந்தப் பேஸ்மென்டுக்கு வந்து பார்த்திருக்கவேண்டும். இராஜரட்ணம் பார்த்தார். ஆணி எங்கே இருக்கிறது என்று தாமே கேட்டு, பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, போர்வையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். கஞ்சாச் செடிக்கு இருட்டுச் செய்து கொடுத்த முதல் கோயில் நிர்வாகி அவராகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் காலம் தாழ்ந்துவிட்டது. போத்தலில் இருந்த மலைக்காரியும் அந்த வாரத்துடன் தீர்ந்தாள். கமலாம்பிகையின் கால்கள் மாலையில் முறுக்கேறத் தொடங்கின. பல்லைக் கடித்தபடி அவள் தொலைபேசிக்குக் காத்திருப்பதைப் பொறுக்க மாட்டாமல், இரத்தினவேல் கட்டையன் நிறைந்த போத்தலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். இன்றைக்கு என்றாலும் இதை இழுத்து எல்லாவற்றையும் மறந்து நித்திரை கொள் என்று கெஞ்சினான்.

அவள் போத்தலை மெல்லத் தள்ளினாள். "மறக்கிறதுக்கு இப்ப கனபேர் இருக்கினம். நான் ஒருத்தி மறக்காமல் இருந்திட்டுப் போறன்."

அப்போது தொலைபேசி அடித்தது. அருள்மலர்தான். முகாமில் ஓர் இளம்பெண் யாருடனும் பேசுகிறாள் இல்லையாம். கிளி என்று மட்டும் சொல்கிறாளாம். முகவாய் நாடியில் ஒரு பழைய தழும்பாம். உறவு என்று ஒருவரும் இல்லாததால் எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியவில்லை.

கமலாம்பிகை கண்ணை மூடினாள். இடது கால் துள்ளியது; இரத்தினவேல் தரையில் அமர்ந்து அதைத் தன் மடியில் எடுத்து, கெண்டைச் சதையை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தான். தோலுக்கடியில் ஏதோ ஒன்று பிடிபட்ட மீனாக உதறியது. அழுத்தினான். அவள் முதலாம் வாங்கைத் தொடங்கினாள். ஒரு பெயருக்கும் மறு பெயருக்கும் நடுவே மூச்சுத் திணறியது; ஆனால் ஒழுங்கு குலையவில்லை. இரண்டாம் வாங்கு முடிந்தது. மூன்றாம் வாங்கின் நடுவில் வலி பொங்கி வார்த்தை அறுந்தது. விட்ட இடத்துக்கே திரும்பி, அடுத்தடுத்த இடங்களைத் தொட்டுக்கொண்டு யன்னலை அடைந்தாள்.

"மூண்டாம் வாங்கு, யன்னல் பக்கம். தர்மினி. கிளியெண்டு தாய்தான் கூப்பிடுறவ. கிணத்துக்கட்டில விழுந்து நாடி வெடிச்சது. நான்தான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டோடினனான். தகப்பன் அரிசி மில்லில. தாயின்ரை தமையன் நவரட்ணம் எண்டு ஒருத்தர் கனடாவில, ஒஷாவாவில இருக்கிறதா அப்பவே சொன்னவ."

மறுமுனையில் அருள்மலர் விம்முவது இரத்தினவேலுக்கும் கேட்டது. மறுநாள் வானை இறக்குமிடத்தில் விட்டுவிட்டு, ஒஷாவாவின் தமிழ்க் கடைகளிலும் தொழிற்சாலை வாசல்களிலும் அவன் ஏறி இறங்கினான். சாயங்காலத்துக்குள் நவரட்ணத்தைக் கண்டுபிடித்தான். எண்ணெய்க் கறையோடு இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற அந்த மனிதர், மருமகள் உயிரோடு இருக்கிறாள் என்று கேட்டதும், கையைத் துடைக்கக்கூட மறந்து அவனைக் கட்டிக்கொண்டார். யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டார். தன் மனைவி என்றான் இரத்தினவேல். ஊரார் கஞ்சாக்காரி என்று சொல்வார்களே, அவளேதான் என்றும், தலையை நிமிர்த்தி, அவனாகவே சொன்னான்.

அந்தியேட்டி முடிந்து விளக்கு அடங்கியது. போர்வை கதவிலேயே தங்கிவிட்டது. அந்த மாலைகளிலெல்லாம் மலைக்காரியின் வேலையை இரத்தினவேலின் இரண்டு கைகளும் செய்தன. கோடை முதிர்ந்தபோது மலைக்காரியும் முதிர்ந்தாள். பூக்களைத் தேய்த்ததும் கருமையும் சாம்பலும் கலந்து, புலிக்கோடு விழுந்த வித்துகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒரேயொரு செடியின் கிளையில் தொங்கிக்கொண்டிருந்த இனம், இரண்டு உள்ளங்கை நிறைய வந்து குவிந்தது. துக்கம் விசாரிக்க வந்தநாள் முதல் அடிக்கடி வந்துபோகிறவராகிவிட்ட இராஜரட்ணம் அதை உற்றுப் பார்த்து, தன் முழங்கால் வலிக்கு உது கேட்குமோ என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"டொக்ரரைக் கேளுங்கோ அண்ணை. என்ரை கடதாசி எனக்கு மட்டுந்தான்," என்றாள் கமலாம்பிகை.

வித்துகள் முளைத்தன. சட்டிகளில் என்ன பெயர் எழுதுவது, பிள்ளைகளின் பெயர்களை எழுதுவோமா என்று இரத்தினவேல் கேட்டான். அவள் மறுத்தாள். செடிக்குச் செடியின் பெயர், பிள்ளைக்குப் பிள்ளையின் பெயர். மலைக்காரி என்றே எழுதச் சொன்னாள். எழுதினான்.

புது விளைச்சல் போத்தலுக்கு வந்த முதல் மாலை, அவள் இரண்டு மூச்சு இழுத்துக் கண்ணை மூடினாள். கால்கள் அடங்கிக் கிடந்தன. ஆனாலும் பழக்கத்தில் அவன் அவற்றை மடியில் வைத்திருந்தான். முதலாம் வாங்கு எழுந்து நின்றது. இரண்டாம் வாங்கு எழுந்து நின்றது. மூன்றாம் வாங்கின் நடுவில், மூச்சு வாங்க அவள் சற்று நிறுத்தினாள்.

"யன்னல் பக்கம் தர்மினி," என்றான் இரத்தினவேல்.

அவள் கண்ணைத் திறக்காமல் தலையசைத்தாள். நான்காம் வாங்கை இருவரும் சேர்ந்தே கூப்பிட்டார்கள்.