புதன் வெளியேறிய நொடி

ஏழு மணி இருபத்தொரு நிமிடம். பாரிஸில் அச்சான பஞ்சாங்கப்படி, சூரிய வட்டத்துக்குக் குறுக்கே போன புதன் கோள் இந்த நேரம் வெளியேறியிருக்க வேண்டும். துலூஸ் நகரத்து வானத்திலோ மேகம்.

"முடிஞ்சுபோச்சு மேடம். தொலைநோக்கியை மூடி வைங்க" என்றார் பாதிரியார் துர்பெக். கடிகாரத்தின் நொடிகளை எண்ணிச் சொல்வது அவர் வேலை. "பசி உயிர் போகுது."

"என் கணக்குப்படி இன்னும் முப்பத்தாறு நிமிஷம் இருக்கு ஃபாதர்."

"பாரிஸ்ல அத்தனை பேரும் தப்பு, நீங்க மட்டும் சரி! என் முட்டை ஆறிடும்." கோபுரப் படியில் இறங்கிவிட்டார்.

சிடோனி வெர்னே நகரவில்லை. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து போட்ட கணக்கு. புதன் வெளியேறும் நொடியைப் பிடித்தால்தான் மன்னரின் அறிவியல் அகாதமி அதைப் படிக்கும். தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஏழு நாற்பத்திரண்டு. மேகம் பிளந்தது. தொலைநோக்கியில் பொருத்திய கரி படிந்த கண்ணாடி வழியே பார்த்தாள். சூரியனின் ஓரத்துக்குப் பக்கத்தில், மிளகு போல ஒரு கரும்புள்ளி.

போகவில்லை!

மறுகணம் புள்ளி மங்கியது. புகை! கீழே ரொட்டிக்கடை கசால் அடுத்த ஈட்டுக்கு அடுப்பைத் தூண்டிவிட்டிருந்தான். அவன் புகைபோக்கி ஜன்னலுக்கு நேர் கீழே, கையெட்டும் தூரத்தில்.

கெஞ்ச நேரமில்லை. மூலையில் கிடந்த சாக்கை வாளித் தண்ணீரில் நனைத்தாள். தொலைநோக்கியை ஒதுக்கி, ஜன்னலுக்கு வெளியே குனிந்து, புகைபோக்கியின் வாயில் திணித்தாள். தொலைநோக்கியை மறுபடி ஜன்னலோடு ஒட்டி நிறுத்தினாள். கீழே இருமலும் கூச்சலும் கிளம்பின.

ஏழு ஐம்பத்து நான்கு. கதவு அதிர்ந்தது. மாவும் கரியுமாக கசால்.

"ஏம்மா, கிறுக்கா உனக்கு? கடை பூரா புகை! வாசல்ல முப்பது பொம்பளைங்க என்னைக் கிழிக்கிறாங்க. எடு சாக்கை!"

சிடோனி கண்ணை எடுக்கவில்லை. "சாக்கை எடுக்கறேன்னு இந்தத் தொலைநோக்கியைத் தொட்ட, ஜன்னல் வழியா உன்னை இறக்கிருவேன். நாலு நிமிஷத்துல நானே எடுக்கறேன். கடிகாரத்தைப் பாரு. ஒவ்வொரு டிக்குக்கும் சத்தமா எண்ணு. எண்ணத் தெரியுமா, இல்ல மாவு பிசைய மட்டும்தானா?"

"எனக்கா எண்ணத் தெரியாது? ஏழு அம்பத்தஞ்சு! ஒண்ணு! ரெண்டு! மூணு!"

திட்டுவது போலவே எண்ணினான். புள்ளி ஓரத்தைத் தொட்டது. சூரியனை எலி கடித்த மாதிரி ஒரு வடு. சிடோனியின் கண்ணில் நீர் முட்டியது. இமைக்கவில்லை. வடு சுருங்கியது.

"ஏழு அம்பத்தெட்டு! ஒண்ணு!... பதினாறு! பதினேழு! பதினெட்டு!"

"நிறுத்து!"

அவள் கணக்குக்கும் வானத்துக்கும் ஒரு நிமிடச் சொச்சம்தான் வித்தியாசம். பாரிஸுக்கு முப்பத்தேழு நிமிடம்.

எழுதினாள். சாக்கைப் பிடுங்கினாள். அப்போதுதான் பாதிரியார் மூச்சிரைக்க ஏறி வந்தார். நோட்டை எட்டிப் பார்த்தார். 'நொடி எண்ணியவர்: ரொட்டிக்கடை கசால்.'

"மேடம், இதை எப்படி அகாதமிக்கு..."

"அப்படியே."

கசால் முகத்துக் கரியைத் துடைத்தான். "பக்கத்துல இன்னொண்ணும் எழுதுங்க மேடம். பாதிரியார் முட்டை திங்கப் போயிருந்தார்னு."

சிடோனி அதையும் எழுதினாள்.