கெடாய் மேல் போட்ட பழி

குழம்புச் சட்டியின் அடிவரை கரண்டியை விட்டுத் துழாவி, நல்லி எலும்பாகப் பார்த்துத் தம்பி இலையில் போட்டாள் சோலையம்மாள். ஈரலை மகன் பேச்சிமுத்துக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தாள். புருஷன் மொக்கையன் இலையில் மட்டும் ரசமும் கத்தரிக்காயும்தான். அவர் ஆட்டுக்கறியை விட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஏன் விட்டார் என்று யாரும் கேட்பதில்லை, ஊருக்கே தெரிந்த கதை அது.

தம்பி விருமாண்டி பழங்காநத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். நாலு காசு பார்க்கிற ஞாயிற்றுக்கிழமையில் கடையைச் சாத்திவிட்டு, திருப்பரங்குன்றத்தில் பஸ் மாறி, வெற்றிலை பாக்கும் ஒரு பந்து மல்லிகையுமாக ஒருத்தன் வருகிறான் என்றால் சும்மாவா வருவான்? அவன் மகள் தங்கப்பொண்ணுக்கும் பேச்சிமுத்துக்கும் எப்போது பரிசம் போடுவது என்று பேசி முடிக்க வந்திருந்தான். அந்தப் பிள்ளை பிறந்த அன்றைக்கே நாக்கில் சீனித் தண்ணியைத் தொட்டுச் சேனை வைத்து, "இது எம் மருமக" என்று சொல்லிவிட்டு வந்தவள் சோலையம்மாள். சொன்ன சொல் ஒரு பக்கம் இருக்கட்டும். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது இந்தத் தம்பி ஒருத்தன்தான். அப்பனும் ஆத்தாளும் போன பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் அரிசியும் வெல்லமுமாக வாசலில் வந்து "அக்கா" என்று நிற்கிறவன். அவன் மகளை எடுக்காவிட்டால் அந்தக் குரல் நின்றுபோகும். அப்படிப் பிறந்த வீடு அறுந்துபோன பொம்பளைகள் பொங்கலன்று தெருப்பக்கமே தலைகாட்டாமல் அடுப்படியில் கிடப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

பேச்சிமுத்துதான் பிடி கொடுக்காமல் திரிந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் லேத்து ஓட்டுகிறான். சித்திரையிலிருந்து கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஷிப்ட்டுக்கு நேரமாச்சு என்று சைக்கிளை எடுத்துவிடுவான். கம்பெனியில் எவளையாவது பார்த்து வைத்திருக்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகம். கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்து விசாரித்தாள். அதெல்லாம் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டான்.

விருமாண்டி இலையிலிருந்து தலையைத் தூக்கி, ஆவணியில் வைத்துக்கொள்வோமா மாப்ள என்று சிரித்த முகமாகக் கேட்டான். பேச்சிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே, வேண்டாம் மாமா, தங்கப்பொண்ணுக்கு நல்ல இடமாகப் பாருங்கள் என்றான். ஏதோ கடையில் சாமான் வேண்டாம் என்கிற மாதிரி அத்தனை அடங்கிய குரலில் சொன்னான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் பொறுத்துக்கொள்வாளா? சோலையம்மாள் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். தங்கப்பொண்ணுக்கு என்ன குறை, கண் இல்லையா, கால் இல்லையா என்று ஆரம்பித்தாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை என்றான். அப்படியென்றால் எவளை மனசில் வைத்திருக்கிறாய் என்றாள். யாரும் இல்லை என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. வாய் திறக்காத பிள்ளையை என்ன செய்வது? கையில் கிடைத்ததை எடுத்து எறிவது போல, அவள் செத்தவர்களை எடுத்தாள்.

"எம் மூத்த மயன் இருந்திருந்தா நான் ஏண்டா ஒங்கிட்ட மடிப்பிச்சை கேக்கப் போறேன்? மறுபேச்சுப் பேசாம எந்தம்பி மகளக் கட்டியிருப்பான். ரெண்டையும் வாரிக் குடுத்துட்டு ஒத்தையா ஒன்னய வச்சிருக்கேன்ல, அதான் இந்தத் திமிரு."

பேச்சிமுத்து கையை உதறினான். "அந்த ரெண்டும் எதுனால போச்சுன்னு ஒனக்குத் தெரியுமா ஆத்தா?"

"தெரியாம என்ன?" என்றாள். வழக்கம்போல அவள் கண் மொக்கையன் பக்கம் போயிற்று. அவரும் வழக்கம்போல இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

முதலில் பிறந்த அழகம்மாளுக்குக் கழுத்தே நிற்கவில்லை. அடுத்துப் பிறந்த கருப்பு தத்தித் தத்தி நடந்தான், பிறகு அவனுக்கும் கால் துவண்டது. சோணைச்சாமிக்கு ஒரு கெடாயை நேந்துவிட்டாள். அது கொழுகொழுவென்று வாசலில் வளர்ந்தது. மழையும் இடியுமாக இருந்த ஒரு நாளில் கருப்புக்கு வலிப்பு வந்து கண் செருகியது. வேறு வழியில்லாமல் மொக்கையன் அந்தக் கெடாயைப் பிடித்துக் கறிக்கடைக்காரனிடம் விற்று, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். திரும்பும்போது தோளில் இருந்தது வெறும் உடம்பு. அடுத்த வருஷமே அழகம்மாளும் போய்விட்டாள். பிறகு அவர் கடன்பட்டு அதே சாமிக்கு ரெண்டு கெடாய் வெட்டினார், அதோடு ஆட்டுக்கறியையும் விட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்றாள் சோலையம்மாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை, எல்லாச் சண்டையும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும்: "சாமி சொத்துல கைய வச்சு ரெண்டு உசுரத் தின்ன மனுசன்." அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

"கெடாய்னால இல்ல ஆத்தா," என்றான் பேச்சிமுத்து. "நீயும் அப்பாவும் கட்டிக்கிட்டதுனால."

சித்திரையில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னான். செத்த பிள்ளைகளின் கோளாறையெல்லாம் கேட்டுவிட்டு, அப்பா அம்மா என்ன உறவு என்று கேட்டாராம். அம்மா தன்னுடைய சொந்தத் தாய்மாமனைத்தான் கட்டியது என்றதும் அந்தம்மா பேனாவை வைத்துவிட்டாராம். ஒரே ரத்தத்தில் கட்டும்போது, ரெண்டு பேரிடமும் ஒளிந்து கிடக்கிற சீக்கு பிள்ளையிடம் வந்து சேர்ந்துகொள்ளுமாம். எல்லாருக்கும் அப்படி வராது, உங்கள் வீட்டில் வந்திருக்கிறது, நீ மாமன் மகளைக் கட்டும் முன்னே யோசித்துச் செய் என்றாராம்.

"நான் தப்பிச்சு வந்தவன். எம் புள்ளை தப்பிக்கும்னு என்ன நிச்சயம்? ஒன்ட்ட சொல்ல வேணாமின்னுதான் இம்புட்டு நாளா ஓடி ஒளிஞ்சேன். அதுகளத் தூக்கிக்கிட்டு நீ கோயில் கோயிலாத் திரிஞ்சீல்ல, அந்த மாதிரி தங்கப்பொண்ணும் திரியணுமா ஆத்தா?"

விருமாண்டி எழுந்துவிட்டான். இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. எங்கள் ரத்தத்திலா சீக்கு இருக்கிறது என்று கேட்டான். இல்லை மாமா என்று பேச்சிமுத்து எழுந்து வந்தபோது அவன் கையைத் தட்டிவிட்டான். வாசற்படியில் நின்று அக்காளைப் பார்த்தபோதுதான் அவன் குரல் உடைந்தது.

"நெனப்ப வளத்து விட்டது நீதானக்கா. எம் மகள்ட்ட நான் போயி என்னத்தச் சொல்லுவேன்? இனி இந்த வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

ஓடிப் போய்க் காலைக் கையைப் பிடித்தாவது நிறுத்தியிருக்க வேண்டும். அவளுக்குக் கால் வரவில்லை. அவளுக்கு அப்போது பதினாறு வயது நினைப்பு வந்திருந்தது. உசிலம்பட்டியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. எங்கம்மா தம்பியைத் தவிர யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அன்ன ஆகாரம் இல்லாமல் கிடந்து, பிடிவாதமாக இந்த மனுஷனைக் கட்டியவள் அவள். ஊரே மெச்சிய கல்யாணம். அந்த ஆசையா என் பிள்ளைகளைக் கொண்டுபோனது? யார் மேல் போய் விழுந்து அழுவது? பழி போட ஒரு ஆள் இருந்ததால்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

மொக்கையன் இன்னும் இலையை விட்டு எழவில்லை. விரல்களில் ரசச் சோறு காய்ந்துபோயிருந்தது. மச்சினன் கோபித்துக்கொண்டு போனது அவருக்குக் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. மகனைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"அப்ப நான் கெடாய விக்காம இருந்திருந்தாலும் அதுக போயிருக்குமாப்பா?"

"போயிருக்கும்ப்பா. ஒங்க மேல ஒண்ணும் இல்ல."

நிஜமாவா என்று இன்னொரு தடவை கேட்டார். பேச்சிமுத்து ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டான். கிழவர் முகம் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்லத் தெரியாத முகம் அது. சோலையம்மாள் காத்திருந்தாள். இப்போதாவது ஒரு வார்த்தை திட்டட்டும், பாவி, என்னை எத்தனை பேச்சுப் பேசினாய் என்று கேட்கட்டும், எச்சில் கையாலேயே நாலு அறை வைக்கட்டும். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"கேட்டியா சோல, சாமி நம்ம மேல கோவிக்கல."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சோற்றை அள்ளப் போனார். அள்ளின சோறு வாய்க்குப் போவதற்குள் வேட்டியில் உதிர்ந்தது. மறுபடி அள்ளினார், மறுபடி உதிர்ந்தது.

ஆம்பளைகள் எழுந்திருக்கும் முன்னே பந்தியில் உட்கார்ந்து பழக்கமில்லாதவள், அவர் இலைக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் இலைச் சோற்றை ஒதுக்கிப் பிசைந்து, உருட்டி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைத் தின்னவில்லை. விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். இடுக்கு வழியே ரசம் மணிக்கட்டுக்கு வழிந்து இறங்கியது. அவள் அடுத்த உருண்டையைப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அந்த விரல்கள் திறப்பதற்காக உட்கார்ந்திருந்தாள்.